மூக்கு மட்டும் தெரிந்த ராஜகுமாரன்

ராஜா ராணிக் கதையால் கெட்டுப்போகிறவர்கள் பெண் பிள்ளைகள் மட்டும்தான் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். ஆண் பிள்ளைக்கு அதனால் என்ன வந்துவிடும்? குதிரை ஏறுவான், வாள் வீசுவான், கடைசியில் கல்யாணம் ஆகும். அந்தக் கல்யாணத்தைத் தவிர அதில் ஆபத்தானது எதுவும் என் கண்ணில் படவில்லை. நாற்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும் ஒரு மனிதன் இவ்வளவு முட்டாளாக இருக்க முடியும் என்பதற்கு நானே சாட்சி.

இதில் கூடுதல் அழகு, என் வேலை. கட்டுமான சைட்டில் நான் சேஃப்டி ஆபீசர். அபுதாபிக்கும் மேற்கே, பாலைவனம் அலுத்துப்போய்க் கடலில் இறங்குகிற இடத்தில் சைட். பக்கத்திலேயே கேம்ப். மனைவியும் பிள்ளைகளும் இருப்பது ஷார்ஜாவில், முவைலாவில். நடுவில் மூன்றரை மணி நேரச் சாலை. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போவேன், ஞாயிறு மாலை மறுபடி வண்டி எடுப்பேன்.

தினமும் காலை ஆறு மணிக்கு இருநூறு பேரை வரிசையில் நிறுத்தி, என் ஓட்டை இந்தியில் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுவேன். அடிபட்டால் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். அவர்களும் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு, கையைக் கிழித்துக்கொண்டால் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு, அதன்மேல் கையுறையை மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பார்கள். சொன்னால் டூட்டி போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிற பயம். கையுறைக்குள் ஒளிந்த காயத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஒருவன் சாந்துச் சட்டியைப் பிடிக்கிற தினுசைப் பார்த்தே எந்த விரல் என்று சொல்லிவிடுவேன். இந்தப் பெருமையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரமே காற்று இறங்கப் போகிறது.

டூட்டி முடிந்து குளித்ததும் பிள்ளைகளுக்குக் கதை. போனில் குரல் பதிவாக ஐந்து ஐந்து நிமிடம் பேசி அனுப்புவேன். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஏழு. ரூமில் என்னோடு இருப்பவர் ஸ்டோர்கீப்பர், அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர், அதனால் அண்ணன். கதையில் பாதி அவருடையது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டிலில் படுத்தபடி, "இந்த எடத்துல ஒரு சிங்கம் விடுப்பா" என்பார். அதுவும் பதிவில் விழுந்து, ஷார்ஜாவில் ஒலிக்கும். ராஜகுமாரிகள் வழக்கம்போல ஏழாவது மாடத்தில் நின்று வழிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மகள்தான் ஆரம்பித்தாள். அந்த ராஜகுமாரி ஏன் ஜன்னலிலேயே நிற்கிறாள், அவளுக்கு ஹோம்வொர்க் இல்லையா, பாத்ரூம் போகமாட்டாளா என்று கேட்டாள். மனைவி அடுப்படியிலிருந்தே, "நல்லாக் கேளுடி" என்றாள். பிறகு என்னிடம், இப்படியே சொல்லிக்கொண்டிருந்தால் இவளும் யாராவது வந்து கதவைத் திறப்பார்கள் என்று உட்கார்ந்துவிடுவாள், கதையைத் திருத்துங்கள், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றாள். எனக்கு இரண்டாவது வராது என்பது அவளுக்கும் தெரியும்.

திருத்தினேன். அண்ணனும் நானும் ஒரு வாரம் உட்கார்ந்து ராஜகுமாரிக்கு வாள் கொடுத்தோம், குதிரை கொடுத்தோம், மணலில் போக நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி கொடுத்தோம். அவள் தானே மாடத்திலிருந்து இறங்கி, அசுரனை அறைந்து, சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். வேண்டியபோது அழுதாள், வேண்டியபோது அடித்தாள். எனக்கே என்னைப் பார்த்துக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. பெண் விடுதலையை வாரத்துக்கு ஆறு பதிவாக அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ராஜகுமாரனைத் தொடவில்லை. அவனிடம் ரிப்பேர் செய்ய என்ன இருக்கிறது? அம்பு தைத்தால் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சிரிப்பான். அவ்வளவுதானே.

போதாததற்கு, என் சொந்தச் சரக்கு ஒன்றையும் அவன் தலையில் ஏற்றினேன். அதற்கு முந்தைய வருடம் சைட் ஆபீஸ் கன்டெய்னரின் படியில் வழுக்கி விழுந்து எனக்குக் கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தார்கள். 'படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கவும்' என்று நானே எழுதி ஒட்டிய பலகைக்குக் கீழேதான் விழுந்தேன். சைட்டில் முறைப்படி எழுதிக் கொடுத்தேன், கேம்ப் ஒரு மாதம் சிரித்தது. வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவள் பயப்படுவாள். இரண்டு வார லீவுக்கும் அவசர வேலை என்று பொய் சொல்லி, வீடியோ காலில் போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பேசினேன். வளைகுடாவில் இருக்கிற ஆண்களில் பாதிப்பேருக்கு இந்த வித்தை தெரியும். கட்டுப் போட்ட கை, ட்ரிப் ஏறுகிற கட்டில் எல்லாவற்றையும் திரைக்கு வெளியே தள்ளிவிட்டு, முகத்தை மட்டும் ஊருக்குக் காட்டி, "நல்லா இருக்கேன்" என்பார்கள்.

இதைக் கதையில் வைத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. தூர தேசத்தில் போர் செய்த ராஜகுமாரனுக்குக் கால் ஒடிந்துவிடுகிறது. அவனிடம் ஒரு மாயக் கண்ணாடி. அதில் அவன் முகத்தை மட்டும் காட்டி, அரண்மனையில் இருக்கும் தாயிடம் சௌக்கியம் என்கிறான். மகன் பதில் பதிவில் கேட்டான், கடைசிவரை அந்த அம்மாவுக்குத் தெரியாதா என்று. தெரியவே தெரியாது, அதுதான்டா வீரம் என்றேன். பின்னாலிருந்து அண்ணன், "சபாஷ்" என்றார்.

இது நடந்து மூன்று வாரம் இருக்கும். ஜனவரி மாதம். ஒரு திங்கட்கிழமை வீடியோ கால் போட்டேன். திரை முழுக்க மகனின் மூக்கு.

"என்னடா, மூக்க மட்டும் காட்டுற?"

"ஐ ஆம் ஃபைன்ப்பா."

நான் அதைக் கேட்கவே இல்லை. நன்றாக இருக்கிறாயா என்று கேட்காமலே ஒருவன் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால், சைட்டில் அந்த நிமிடமே கையுறையைக் கழற்றச் சொல்லியிருப்பேன். இங்கே விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணனையும் கூப்பிட்டு அந்த மூக்கைக் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மனைவி ஒரு சந்தோஷச் செய்தி சொன்னாள். பையன் இரண்டு நாளாகத் தானே குளிக்கிறானாம், கதவைச் சாத்திக்கொண்டு. தானே உடுத்துகிறானாம். உள்ளே வராதே, நான் பெரிய பையன் என்கிறானாம். குளிருக்கு முழுக்கை ஸ்வெட்டரைக் கழற்றவே மாட்டேன் என்கிறானாம், நல்லதுதான், சளி பிடிக்காது. "உங்க மகன் பெரிய மனுஷன் ஆயிட்டான்" என்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கதை வேலை செய்கிறது என்று அண்ணனிடம் சொன்னேன். உண்மையாகவே இந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்குப் பள்ளிக்கூடத்து கிளினிக்கிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். மகனுக்கு இடது மணிக்கட்டு வீங்கி நீலம் பாய்ந்திருக்கிறது. பார்த்தால் நாலைந்து நாள் பழையதாகத் தெரிகிறது. எப்படி ஆனது என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். யாராவது உடனே வந்து எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போக வேண்டும். குழந்தை காரணம் சொல்லாத காயம் என்றால் நாங்கள் எழுதிவைக்க வேண்டியிருக்கும்.

'எழுதிவைக்க' என்ற சொல்லோடு என் காது மூடிக்கொண்டது. எழுதிவைத்தால் அது மேலே போகும். மேலே போனால் போலீஸ். பிள்ளையை அடிக்கிற வீடு என்று கேஸ். கேஸ் என்றால் விசா கேன்சல், அப்புறம் காலத்துக்கும் இந்த நாட்டில் கால் வைக்க முடியாது. நர்ஸ் மணிக்கட்டைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் நான் மனதில் சோபாவை விற்று, மெத்தையைக் கார்கோவில் போட்டு, திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கியிருந்தேன். பையனுக்கு வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. கேட்கவே இல்லை.

"அம்மாவைக் கூப்பிடட்டா, ரெண்டாவது நம்பர் இருக்கு" என்று நர்ஸ் கேட்டார். பள்ளிக்கூடப் படிவத்தில் முதல் நம்பர் என்னுடையது. குடும்பத் தலைவன், விசாவுக்கு ஸ்பான்சர். இரண்டாவது நம்பர்க்காரியின் ஆபீஸ் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து பதினைந்து நிமிட தூரம்.

"வேண்டாம் சிஸ்டர், அவங்க பயந்த சுபாவம். நானே வந்துட்டு இருக்கேன்" என்றேன்.

பயந்த சுபாவம். லிஃப்ட் நடுவில் நின்றபோது மூன்று மொழியில் வாட்ச்மேனை வைது கதவைத் திறக்க வைத்தவளைச் சொல்கிறேன். வந்துட்டு இருக்கேன் என்றவன் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் டீ கிளாஸோடு நிற்கிறான் என்பதையும் நர்ஸிடம் சொல்லவில்லை.

நான் அடுத்தவர் வண்டிக் கதவைத் திறக்கப் போனதைப் பார்த்து அண்ணன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு தானே ஓட்டினார். வழியெல்லாம் நான் போலீஸிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். சார், நாங்கள் பிள்ளைகளை அடிப்பதே இல்லை. இது கொஞ்சம் மொட்டையாக இருக்கிறதே. சார், அடிக்க நான் ஊரிலேயே இருப்பதில்லை. இது தேவலை. அண்ணன் கேட்டுக்கொண்டே வந்தார்.

"போலீஸ்காரன் முன்னாடி நீ சிரிச்சுத் தொலைக்காத. பயந்தா ஒனக்குச் சிரிப்பு வரும்."

"எனக்கு அழுகைதான் வருது அண்ணே."

"அதுவும் வேணாம். செஞ்சவன்னு நெனச்சுக்குவான்."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார், "தங்கச்சிகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்லண்ணே. பயந்துருவா. போயிப் பாத்துட்டுச் சொல்லிக்கலாம்."

அவர் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். கையில் ஸ்டியரிங் இல்லாதிருந்தால் சபாஷ் சொல்லியிருப்பாரோ என்னவோ.

பதினொன்று நாற்பதுக்கு மனைவி கூப்பிட்டாள். எடுத்தால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். கட் செய்து, 'மீட்டிங்' என்று டைப் செய்தேன். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி கட். மூன்றாவது முறையும். பிறகு ஒரு மெசேஜ் வந்தது. திறந்தால் பார்த்துவிட்டேன் என்று தெரிந்துவிடும், அதனால் திறக்கவில்லை. "எடுப்பா, என்னன்னுதான் கேளு" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். அவளைக் காப்பாற்றுகிறேனாம்.

பள்ளிக்கூட வாசலில் போய் இறங்கியபோது இரண்டேகால். கேட் சாத்தியிருந்தது. சட்டையைச் சரி செய்துகொண்டு, ஒத்திகை பார்த்த முகத்தோடு செக்யூரிட்டியிடம் போனேன். அவர் பேரைக் கேட்டு நோட்டைப் புரட்டிவிட்டு, அந்தப் பையனை அவன் அம்மா பதினொன்றரைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாரே, அக்காவும் கூடவே போய்விட்டாளே என்றார். நீங்கள் யார் என்று கேட்டார். அப்போதுதான் மெசேஜைத் திறந்தேன். 'தம்பிக்குக் கை அடிபட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். எலும்பா இருக்கும்னு சொல்றாங்க. ஃபோனை எடுங்க.'

அண்ணன் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு மேலே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மகன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். இடது கை முழங்கைவரை வெள்ளைக் கட்டு. நான் விற்றுவிட்ட அதே சோபா. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. ஏழு வயதுக் குழந்தை, பரிசு வாங்கிவிட்டு வந்ததைப் போல.

"அப்பா, நான் அழவே இல்ல. டாக்டர்கிட்டயும் அழல. ஃபோர் டேஸ்."

அதைக் கேட்டு நின்ற நிலையை இப்போதும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மாடியிலிருந்து ஒரு கல் பக்கத்தில் விழுந்து, நம் மேல் படவில்லை என்று தெரிந்த பிறகும் உடம்பு ஆடிக்கொண்டே இருக்குமே, அப்படி. பாராட்டுக்காக அவன் காத்துக்கொண்டிருந்தான். நாலு நாள் அதற்காகத்தான் காத்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை பங்க் பெட்டின் மேல் தட்டிலிருந்து, கோட்டை மதிலிலிருந்து குதிக்கிற ராஜகுமாரனாகக் குதித்திருக்கிறான். அக்காதான் கீழே வாளோடு நின்ற ராஜகுமாரி. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். நாலு நாளும் அவனுடைய பையையும் அவளே சுமந்திருக்கிறாள். வியாழக்கிழமை இடைவேளையில் அவனால் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை என்பதைப் பார்த்ததும் நேராக கிளினிக்குக்குப் போய், நர்ஸ் முன்னால் நின்று அழுதிருக்கிறாள். எங்கே வலிக்கிறது என்று நர்ஸ் கேட்டால், எனக்கில்லை, என் தம்பிக்கு என்றாளாம்.

ஏன் அழுதாய், சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொல்லமாட்டேன்னுதான் ப்ராமிஸ். அழமாட்டேன்னு நான் பண்ணல. அவன் பாய், அவன் அழ முடியாது. நான் கேர்ள்தானே, எனக்கு ஓகே. அதான் அவனுக்கும் சேர்த்து நானே அழுதுட்டேன்."

கதையைத் திருத்தியபோது நான் கொடுத்த வாள், குதிரை, வண்டி எதையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு மட்டும் விட்டுவைத்திருந்த ஒன்றை எடுத்துத் தம்பியைக் காப்பாற்றியிருக்கிறாள். அவனுக்கு அதைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

மகன் உற்சாகமாக அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். "அப்பாகூடக் கண்டுபிடிக்கல தெரியுமா? மிரர் ட்ரிக் பண்ணேன். ராஜகுமாரன் கால் ஒடஞ்சப்ப அவங்கம்மாவுக்கு மூஞ்சிய மட்டும் காட்டுவான்ல, அது."

அவள் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. அதை மேஜைமேல் வைத்தாள். போன வருடம் நான் வராத இரண்டு வாரங்களை அவள் மனம் எடுத்துக் கோத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. தொழிலாளி கையுறையைக் கழற்றுகிறபோது நான் பார்க்கிற அதே பார்வை.

"எந்தக் கால்?" என்றாள்.

"வலது" என்றேன்.

அவள் தாழ்ந்த குரலில் பேசினாள். திட்டியிருந்தால் ஏதாவது கோமாளித்தனம் செய்து தப்பித்திருப்பேன்.

"உங்களுக்குக் கால் ஒடஞ்சது எனக்குத் தெரியாது. இவனுக்குக் கை ஒடஞ்சது எனக்குத் தெரியாது. நாலு நாள் இந்தக் கையப் புடிச்சுத்தான் பஸ் ஏத்தி விட்டேன். பெரிய மனுஷன் ஆயிட்டான்னு உங்ககிட்டச் சந்தோஷப்பட்டேன். இன்னிக்கும் என்னைக் கூப்புட வேணாம்னு சொல்லிருக்கீங்க. அந்த நர்ஸ் ஒரு மணி நேரம் பாத்துட்டு, நீங்க வரலன்னதும் அவங்களாக் கூப்புட்டாங்க. நான் இந்த வீட்ல யாரு?"

மகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தப்பு செய்துவிட்டோமோ என்ற சந்தேகம் அவன் முகத்தில் அப்போதுதான் முதன்முதலாக வந்தது. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வலிக்கிறதா என்று கேட்டேன். காலையில் பத்து இருபதுக்குக் கேட்டிருக்க வேண்டியது. அவன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இல்லை என்று தலையை ஆட்டினான்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்கு, என் வண்டி கிளம்பி அரை மணி நேரத்தில், என் மகனுக்கு இடது மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது. வியாழக்கிழமைவரை அவன் சொல்லவில்லை. எந்தப் போலீஸும் வரவில்லை. எங்கள் வீட்டைப் பற்றி யாரும் எதுவும் எழுதிவைக்கவில்லை. அவன் அக்கா அழுதாள், நர்ஸ் அவன் அம்மாவைக் கூப்பிட்டார், அம்மா பதினைந்து நிமிடத்தில் வந்து அழைத்துப் போனாள். கட்டுப் போட்டு முடித்தபோது மணி ஒன்றேகால். நான் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துசேர அப்போதும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது.